எழுத்து எண்ணும் நிரல் தப்பாகக் காட்டினால்: அறிகுறி பார்த்துப் பிழை நீக்குவது

எங்கள் ஊர் மலேசியாவில் உள்ள சுங்கை சிப்புட். ரப்பர் போய் செம்பனை வந்து, லயத்து வீடுகளும் போன பிறகு, பழைய தோட்டத்து ஆள்கள் எல்லாரும் ஒருநாள் ஒன்றுகூட வேண்டும், ஒரு மலரும் போட வேண்டும் என்று முடிவானது. அச்சு செலவு கட்டுப்படியாக ஆளுக்கு ஒரு பக்கம், பக்கத்துக்கு 1200 எழுத்து என்று பேசிக்கொண்டார்கள். எண்ணுவது யார்? குழுவில் கணினி தெரிந்தவன் என்று என் பெயர் விழுந்தது. பத்து வரி நிரல்தானே, அரை மணி நேரத்தில் முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். அந்தப் பத்து வரியில் எத்தனை விதமாகத் தப்பு செய்ய முடியுமோ அத்தனையையும் நானும் உதவிக்கு வந்த பையன்களும் செய்துவிட்டோம். அதைத்தான் அறிகுறி அறிகுறியாக இங்கே எழுதுகிறேன், உங்களுக்கு எது ஒத்துப்போகிறதோ அங்கே போய்ப் படித்தால் போதும்.

ஆனால் அதற்கு முன் ஒரு வேலை. விடை தெரிந்த ஒரு சின்னக் கோப்பு இல்லாமல் பிழை தேடாதீர்கள். 1200 எழுத்துக் கட்டுரையை வைத்துக்கொண்டு 3391 வந்தது சரியா தப்பா என்று யாராலும் சொல்ல முடியாது. ஒரு கோப்பில் "சுங்கை சிப்புட்" என்று மட்டும் தட்டி, கடைசியில் எண்டர் அடிக்காமல், யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் (யூனிகோட் எழுத்தை பைட்டுகளாகச் சேமிக்கும் முறை) சேமியுங்கள். இதற்கு மூன்று விடை உண்டு: பைட் கணக்கில் (கோப்பில் சேரும் 0 முதல் 255 வரையான எண்கள்) 43, யூனிகோட் குறியீட்டுப் புள்ளிக் கணக்கில் (யூனிகோட் பட்டியலில் தனி எண் பெற்ற எழுத்தும் துணைக்குறியும் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி) 15, நாம் பள்ளியில் எண்ணுகிற எழுத்துக் கணக்கில் இடைவெளியோடு சேர்த்து 8. இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே அடிக்கடி தேவைப்படும்.

நிரல் எது என்றும் சொல்லிவிடுகிறேன். சி மொழியில் எழுதினால் அதன் உயிர் ஒரே வரிதான்:

வைல் ((வந்தது = கெட்சார்()) != ஈஓஎஃப்) எண்ணி++;

ஒரு பைட்டை வாங்கு, கோப்பு முடியவில்லை என்றால் ஒன்று கூட்டு, முடிந்ததும் பிரின்ட்எஃப் போட்டு எண்ணைக் காட்டு. (மாறிகளுக்குத் தமிழ்ப் பெயர் வைத்தது இங்கே சொல்வதற்காக, நீங்கள் உங்களுக்குப் பிடித்த பெயரை வையுங்கள்.) பைத்தானில் என்றால் ஓப்பன், ரீட், லென், அவ்வளவுதான்.

ஓட்டினால் ஒன்றும் நடக்கவில்லை, கர்சர் மட்டும் சிமிட்டுகிறது

நிரல் கெட்டுப்போகவில்லை, நீங்கள் தட்டுவதற்காகக் காத்துக்கொண்டிருக்கிறது. கெட்சார் விசைப்பலகையிலிருந்துதான் வாங்கும், கோப்பை அதன் வாயில் நீங்கள்தான் ஊட்ட வேண்டும். நிரலின் பெயர், அப்புறம் < குறி, அப்புறம் கோப்பின் பெயர். சும்மா தட்டிப் பார்க்க வேண்டும் என்றால், தட்டி முடித்து எண்டர் அடித்துவிட்டு, லினக்ஸில் கன்ட்ரோல்-டி, விண்டோஸில் கன்ட்ரோல்-இசட் அடித்து மறுபடி எண்டர். அதுதான் "முடிந்தது" என்கிற சைகை.

விண்டோஸில் பவர்ஷெல் திறந்து வைத்திருந்தால் < குறியையே ஏற்காது, இந்தக் குறி பிற்காலத்துக்கு ஒதுக்கப்பட்டது என்று சிவப்பில் திட்டும். அதோடு மல்லுக்கட்டாமல் பழைய கமாண்ட் பிராம்ப்ட் திறந்து அங்கே ஓட்டுங்கள். குழாய்க் குறி போட்டு பவர்ஷெல் வழியாகவே அனுப்பலாமே என்று தோன்றும். அனுப்பலாம், ஆனால் நடுவில் அது தமிழ் எழுத்தைக் கேள்விக்குறியாக மாற்றிவிடும் ஆபத்து உண்டு, அப்புறம் நீங்கள் எண்ணுவது வேறு எதையோ.

விடை 0

முதலில் கோப்பைத் திறந்து பாருங்கள், உள்ளே ஏதாவது இருக்கிறதா? இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. < போட வேண்டிய இடத்தில் நான் ஒருநாள் அவசரத்தில் > போட்டேன். அந்தக் குறி கோப்பைப் படிக்காது, துடைத்துவிட்டு நிரலின் விடையை அதில் எழுதும். போனது ஓய்வுபெற்ற கிராணி (தோட்டத்து எழுத்தர்) ஐயா மூன்று வாரம் உட்கார்ந்து எழுதிய கட்டுரை. நல்லவேளை, அதை முதலில் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார், அங்கிருந்து எடுத்துக்கொண்டேன், அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை. சி மொழியில் கோப்பைத் திறக்கும் எஃப்ஓப்பனில் "ஆர்" போட வேண்டிய இடத்தில் "டபிள்யூ" போட்டாலும் இதே கதைதான், திறந்த அந்த நொடியே கோப்பு காலி. ஆகவே எண்ணும் வேலையை எப்போதும் நகல் கோப்பில் செய்யுங்கள்.

கோப்பில் உரை இருக்கிறது, ஆனாலும் 0 என்றால் இரண்டு சந்தேகம். பைத்தானில் ஒரு தடவை ரீட் செய்து எழுத்தை எண்ணிவிட்டு, வரியை எண்ண மறுபடி ரீட் செய்திருப்பீர்கள். முதல் ரீட்டிலேயே கோப்பின் கடைசிக்குப் போய்விட்டது, இரண்டாவது ரீட்டுக்கு மிச்சம் ஒன்றும் இல்லை. ஒரே தடவை படித்து ஒரு மாறியில் வைத்துக்கொள்ளுங்கள். சி மொழி என்றால், கோப்பு யூடிஎஃப்-16ஆக இருக்கலாம். பழைய நோட்பேடில் சேமிக்கும்போது "யூனிகோட்" என்று ஒரு தேர்வு இருக்குமே, அது இதுதான். அப்படிப்பட்ட கோப்பின் முதல் பைட் 255. அது ஏன் 0 தருகிறது என்பது அடுத்த அறிகுறியோடு சேர்ந்தது.

ஒரு கணினியில் பாதியில் நிற்கிறது, இன்னொன்றில் நிற்கவே இல்லை

எனக்கு மிகவும் பிடித்த பிழை இது, ஏனென்றால் நிரலைப் பார்த்தால் எந்தத் தப்பும் தெரியாது. என் மடிக்கணினியில் ஒழுங்காக ஓடிய நிரலைப் படிவம் 4 படிக்கும் தம்பி தன் கைப்பேசியில் டெர்மக்ஸ் என்கிற செயலியில் ஏற்றி ஓட்டினான். தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் ஓடிக்கொண்டே இருந்தது, கைப்பேசி சூடானதுதான் மிச்சம்.

காரணம் "வந்தது" என்கிற மாறியை நான் சார் (ஒரு பைட் மட்டும் கொள்ளும் வகை) என்று அறிவித்திருந்தேன். எழுத்தைத்தானே வாங்குகிறோம், சார் என்றால் என்ன தப்பு என்று தோன்றும். ஆனால் கெட்சார் தருவது இன்ட், அதைவிடப் பெரிய முழு எண் வகை. 0 முதல் 255 வரை எந்த பைட்டும் வரலாம், அதோடு கூட "முடிந்தது" என்று சொல்ல ஒரு தனி மதிப்பும் வர வேண்டும், அதுதான் ஈஓஎஃப், வழக்கமாக -1. மொத்தம் 257 மதிப்பு, சார் என்கிற பெட்டியில் இருப்பதோ 256 இடம். ஏதாவது ஒன்று இன்னொன்றின் மேல் உட்கார்ந்துதான் ஆக வேண்டும்.

இன்டெல் வகைக் கணினிகளில் சார் குறி உள்ளது, அதாவது எதிர்ம எண்ணும் கொள்ளும். அங்கே 255 என்கிற பைட் -1 ஆகிவிடும், கோப்பு முடிந்துவிட்டது என்று நிரல் நம்பிவிடும். யூடிஎஃப்-16 கோப்பின் முதல் பைட்டே 255 என்பதால்தான் அங்கே விடை 0. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் இருக்கும் ஆர்ம் சில்லுக்கு சார் குறி இல்லாதது. அங்கே -1ஐப் போட்டால் 255 ஆகிவிடும், 255 எந்தக் காலத்திலும் -1க்குச் சமம் ஆகாது, ஆகவே சுழல் முடிவதே இல்லை. ஒழுங்கான யூடிஎஃப்-8 கோப்பில் 255 என்கிற பைட்டே வராது, அதனால்தான் என் கணினியில் மாதக்கணக்கில் இந்தப் பிழை ஒளிந்துகொண்டிருந்தது.

மருந்து: சார் என்பதை இன்ட் ஆக்குங்கள். ஒரே சொல்.

விடை கோடிக்கணக்கில் வருகிறது, அல்லது ஒவ்வொரு தடவையும் வேறு எண்

எண்ணியை 0இல் தொடங்கவில்லை. சி மொழி உங்களுக்காகத் துடைத்துத் தராது, அந்த இடத்தில் முன்பு என்ன குப்பை கிடந்ததோ அதன் மேல்தான் கூட்டும். தொகுக்கும்போது ஜிசிசி தொகுப்பியிடம் எச்சரிக்கை எல்லாவற்றையும் காட்டச் சொல்லுங்கள் (மைனஸ் டபிள்யூ, ஆல்), பெரும்பாலும் இதை அதுவே சொல்லிவிடும்.

சரியாக ஒன்று கூட வருகிறது

44 வருகிறது, 43 வர வேண்டும். முதலில் நிரலை விட்டுவிட்டுக் கோப்பைச் சந்தேகப்படுங்கள். கடைசியில் எண்டர் அடித்திருக்கிறதா? நீங்கள் அடிக்காவிட்டாலும் விம் போன்ற திருத்திகள் வரி முடிவு ஒன்றைத் தாமே போட்டுவிடும், எக்கோ கட்டளையும் போடும். அது உண்மையிலேயே கோப்பில் இருக்கிற ஓர் எழுத்து, நிரல் எண்ணியது சரிதான்.

எண்டர் இல்லை என்று உறுதியானால், சுழலைப் பாருங்கள். "எஃப்ஈஓஎஃப் வராத வரை படி, கூட்டு" என்று எழுதியிருந்தால் அதுதான் ஆள். எஃப்ஈஓஎஃப் முன்கூட்டியே எதையும் சொல்லாது, ஒரு தடவை படிக்கப் போய் ஒன்றும் கிடைக்காமல் திரும்பி வந்த பிறகுதான் "ஆமாம், முடிந்துவிட்டது" என்று சொல்லும், அதற்குள் நீங்கள் அந்த வெறும் படிப்பையும் ஒன்று என்று கூட்டிவிட்டீர்கள். சோதிக்க எளிய வழி, ஒன்றுமே இல்லாத காலிக் கோப்பைக் கொடுங்கள். 1 என்று வந்தால் இந்தப் பிழையேதான். படித்துக் கிடைத்ததை ஈஓஎஃப்போடு ஒப்பிடும் மேலே உள்ள வரிக்கு மாறிவிடுங்கள்.

பைத்தானில் 15க்குப் பதில் 16, சி மொழியில் 43க்குப் பதில் 46 என்று வந்தால், கோப்பின் தலையில் பைட் வரிசைக் குறி உட்கார்ந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது, மூன்று பைட், 239, 187, 191. பழைய நோட்பேட் யூடிஎஃப்-8இல் சேமிக்கும்போது இதைச் சேர்த்துவிடும். விண்டோஸ் 10இன் 1903 பதிப்புக்குப் பிறகுதான் குறி இல்லாமல் சேமிப்பது இயல்பானது. பைத்தானில் குறியாக்கத்தின் பெயரை "யூடிஎஃப்-8-சிக்" என்று கொடுத்தால் அது குறியைக் கழற்றிவிட்டுத் தரும். சி மொழியில் முதல் மூன்று பைட்டை நீங்களே பார்த்துத் தள்ள வேண்டும்.

கோப்பின் அளவைவிடக் குறைவாக வருகிறது

எவ்வளவு குறைகிறது என்று பாருங்கள். 20 வரிக் கட்டுரையில் 20 குறைந்தால் விண்டோஸ் வரி முடிவுதான். விண்டோஸில் ஒரு வரியின் முடிவுக்கு இரண்டு பைட், 13உம் 10உம். கோப்பை உரை முறையில் திறந்தால் அந்த இரண்டையும் ஒன்றாக்கித்தான் நிரலிடம் தரும். பைத்தானும் அப்படியே, லினக்ஸில் ஓட்டினாலும். பைட் பைட்டாக வேண்டும் என்றால் எஃப்ஓப்பனில் "ஆர்பி" போடுங்கள். மலர் எண்ணிக்கைக்கு இது தேவையே இல்லை, வரி முடிவையெல்லாம் யார் அச்சுச் செலவில் சேர்க்கப்போகிறார்கள்.

இடைவெளி எத்தனையோ அத்தனை குறைந்தால் சி++இல் சின், >> என்று படித்திருப்பீர்கள். அது இடைவெளியையும் வரி முடிவையும் தாண்டிக்கொண்டு போய்விடும். சின் டாட் கெட் என்று மாற்றுங்கள்.

குறைவு பெரிதாக, ஒரு குறிப்பிட்ட இடத்தோடு நின்றுவிட்டது போல இருந்தால், கோப்பில் 26 என்கிற பைட் எங்கோ கிடக்கலாம். விண்டோஸ் உரை முறையில் அதுதான் கன்ட்ரோல்-இசட், கோப்பு அங்கேயே முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். இதற்கும் "ஆர்பி"தான்.

அப்புறம், அளவை ஒப்பிடும்போது கோப்பின் பண்புகளில் "சைஸ்" என்பதைப் பாருங்கள், "சைஸ் ஆன் டிஸ்க்" என்பதை அல்ல. அது வட்டு ஒதுக்கிய இடம், எண்ணிக்கைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

எழுத்து எண்ணிக்கை சரி, வரி எண்ணிக்கை மட்டும் எப்போதும் 0

அடைப்புக்குறி ஒன்றை விட்டுவிட்டீர்கள். மேலே எழுதிய வரியில் "வந்தது = கெட்சார்()" என்பதைச் சுற்றித் தனியாக ஓர் அடைப்பு இருக்கிறது பாருங்கள். அது இல்லை என்றால் சி மொழி முதலில் கெட்சாரை ஈஓஎஃப்போடு ஒப்பிடும், அந்த ஒப்பீட்டின் விடையை, அதாவது 1ஐ, "வந்தது" என்பதில் போடும். சுழல் சரியாகத்தான் சுற்றும், ஆகவே மொத்த எண்ணிக்கை சரியாகவே வரும், ஆனால் "வந்தது" என்றைக்கும் 1, வரி முடிவோ 10. எப்படி வரி கிடைக்கும்? பாதி சரியாக வேலை செய்யும் நிரல் முழுதும் உடைந்ததைவிட மோசம் என்பேன், இதைப் பிடிக்க எனக்கு ஒரு ராத்திரி போனது.

பல மடங்கு வருகிறது

எல்லாரும் வந்து நிற்கிற இடம் இதுதான். ஆங்கிலத்தில் தட்டினால் சரியாக எண்ணுகிறது, தமிழில் தட்டினால் 8க்குப் பதில் 43. நிரலில் பிழை இல்லை. யூடிஎஃப்-8இல் ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழின் ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் மூன்று பைட். க என்றால் 224, 174, 149. சு என்பது நமக்கு ஓர் எழுத்து, கோப்புக்கு ச ஒன்று, உகரக் குறி ஒன்று, ஆக ஆறு பைட். ங் என்றால் ங ஒன்று, புள்ளி ஒன்று, மறுபடி ஆறு. எண்களுக்கும் இடைவெளிக்கும் ஒரே பைட்தான், ஆகவே "1877இல்" என்று எழுதினால் (கோலாகங்சாரில் முதல் ரப்பர் கன்றுகள் வந்த ஆண்டு, மலரில் நாலு பேராவது இதை எழுதியிருந்தார்கள்) 4 எண்ணுக்கு 4 பைட், "இல்" என்பதற்கு 9, மொத்தம் 13. ஆகவே "மூன்றால் வகுத்தால் போதும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், எண்ணும் இடைவெளியும் கலந்த எந்த உரையிலும் அது பொய்த்துப்போகும். கலக்காவிட்டாலும் கிடைப்பது குறியீட்டுப் புள்ளிதான், எழுத்து இல்லை.

இதைக் குழுவில் விளக்க நான் பட்ட பாடு. பையன்களுக்கே பாதி புரியவில்லை. கிராணி ஐயா மட்டும் கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "பால் கொண்டு வந்தா வாளியோட நிறுப்போம், வாளியைக் கழிப்போம், அப்புறம் அந்தப் பால்ல காஞ்ச ரப்பர் எவ்வளவுன்னு பார்ப்போம். மூணுமே உண்மைக் கணக்குதான் தம்பி. எதுக்குக் காசுன்னு மொதல்ல பேசிக்கணும்." நான் அரை மணி நேரம் பேசியது இவ்வளவுதான்.

ஆகவே எதற்கு எண்ணுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். வட்டில் எவ்வளவு இடம் என்றால் பைட், 43. கோயில் திருவிழாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறீர்கள் என்றால் குறியீட்டுப் புள்ளி, 15, ஏனென்றால் தமிழ்க் குறுஞ்செய்தி ஒன்றுக்கு 70தான் (ஆங்கிலத்துக்கு 160), அதைத் தாண்டினால் துண்டுக்கு 67ஆகப் பிரியும். ஊர்ப் பெயர் மட்டுமே 70இல் 15ஐத் தின்றுவிடுகிறது. மலரில் பக்கம் நிரப்ப என்றால் நாம் கண்ணால் எண்ணுகிற எழுத்து, 8.

சி மொழியில் 43ஐ 15 ஆக்குவது எளிது. யூடிஎஃப்-8இல் ஓர் எழுத்தின் தொடர்ச்சியாக வரும் பைட் எப்போதும் 128 முதல் 191க்குள் இருக்கும். அந்த வரம்பில் வந்தால் கூட்டாதீர்கள், மற்றதைக் கூட்டுங்கள், 15 வந்துவிடும்.

15ஐ 8 ஆக்கக் கொஞ்சம் கூடுதல் வேலை. துணைக்குறிகளையும் புள்ளியையும் விட்டுவிட வேண்டும். இவை உட்காரும் இடம் நல்ல வரிசையாக இருக்கிறது: 224, 174 வந்து மூன்றாவதாக 190 அல்லது 191 வந்தால் அது ா அல்லது ி. 224, 175 வந்து மூன்றாவது 128 முதல் 141 வரை இருந்தால் ீ தொடங்கிப் புள்ளி வரை உள்ள மற்றவை. 151ஐயும் சேர்த்துக்கொள்ளுங்கள், அது ஔகாரத்தின் பின்பாதி. முந்தைய இரண்டு பைட்டை நினைவில் வைத்துக்கொண்டு, இந்தச் சேர்க்கை வந்தால் எண்ணியில் ஒன்றைக் கழியுங்கள்.

பைத்தானில் யூனிகோட்டேட்டா என்கிற தொகுப்பு ஒவ்வொரு குறியீட்டுப் புள்ளிக்கும் வகை சொல்லும். வகை "எம்" என்று தொடங்கினால் துணைக்குறி, விட்டுவிடுங்கள். இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது, நான் விழுந்தேன்: "எம்என்" என்கிற வகையை மட்டும் விட்டால் விடை 12 வரும். புள்ளியும் ஈகாரக் குறியும் "எம்என்", மற்ற துணைக்குறிகள் "எம்சி". ஏன் இகரத்துக்கு ஒன்று, ஈகாரத்துக்கு ஒன்று என்று கேட்காதீர்கள், அப்படித்தான் வகுத்து வைத்திருக்கிறார்கள். முதல் எழுத்தை மட்டும் பாருங்கள்.

குறுக்கு வழி ஒன்றும் உண்டு. இஸ்ஆல்ஃபா என்கிற சோதனை துணைக்குறியை எழுத்து இல்லை என்றே சொல்லும். வேறு எங்காவது இது தலைவலி, ஆனால் இங்கே அதில் தேறியதை மட்டும் எண்ணினால் 7 வரும், இடைவெளி நீங்கலாக ஒரே போடில் விடை. ஸ்ரீ, க்ஷ இரண்டும் எந்த வழியில் எண்ணினாலும் இரண்டு இரண்டாகத்தான் வரும். எங்கள் மலரில் ஸ்ரீ வருவது மாரியம்மன் கோயில் பெயரில் மட்டும்தான், விட்டுவிட்டேன்.

லினக்ஸில் டபிள்யூசி கட்டளைக்கு பைட்டுக்கு ஒரு தேர்வு (சி), எழுத்துக்கு ஒரு தேர்வு (எம்) இருக்கிறது. இரண்டுக்கும் 43 என்றே வந்தால் உங்கள் அமர்வின் மொழி அமைப்பு யூடிஎஃப்-8இல் இல்லை, அதைச் சரிசெய்தால் இரண்டாவது 15 ஆகிவிடும். 8ஐ அது எப்போதும் தராது.

பைத்தான் பாதியில் விழுகிறது, "சார்மேப் கோடெக்" என்று என்னவோ சொல்கிறது

விண்டோஸில் ஓப்பனுக்குக் குறியாக்கம் சொல்லாமல் விட்டால், கணினியின் பழைய குறிப்பக்கத்தை எடுத்துக்கொள்ளும், நம் ஊரில் ஆங்கிலத்துக்கோ மலாய்க்கோ அமைத்த கணினிகளில் அது 1252. அந்தப் பக்கத்தில் ஐந்து பைட்டுக்கு இடமே இல்லை: 129, 141, 143, 144, 157. தமிழில் உகரக் குறியின் கடைசி பைட் 129, புள்ளிக்கு 141, ஏ என்பதற்கு 143, ஐ என்பதற்கு 144. புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு வாக்கியம் எழுதிக் காட்டுங்கள் பார்ப்போம்! நம் மாதிரிக் கோப்பில் முதல் எழுத்தான சு என்பதிலேயே விழுந்துவிடும்.

விழுந்தால் பரவாயில்லை, விழாததுதான் மோசம். "மலாயா" என்று மட்டும் இருக்கிற கோப்பை அது சத்தமில்லாமல் படித்துவிட்டு 15 என்று சொல்லும், ஏனென்றால் அந்தச் சொல்லில் தடுக்கிவிடும் பைட் ஒன்றும் இல்லை. பார்த்தால் பைட் எண்ணிக்கை, ஆனால் நீங்கள் எழுத்து என்று நம்பிக்கொண்டிருப்பீர்கள்.

ஓப்பனில் குறியாக்கம் யூடிஎஃப்-8 என்று எப்போதும் எழுதிவிடுங்கள். பைத்தான் 3.15இலிருந்து அதுவே இயல்பாகும் என்று முடிவாகியிருக்கிறது, ஆனால் உதவிக்கு வரும் பையன் எந்தப் பதிப்பு வைத்திருப்பான் என்று யாருக்குத் தெரியும். அப்படி எழுதிய பிறகு, முதல் பைட்டே சரியில்லை, 255 என்று திட்டினால் அது மேலே சொன்ன யூடிஎஃப்-16 கோப்பு. குறியாக்கத்தை அந்தப் பெயரில் கொடுத்தால் படித்துவிடும்.

பார்த்தால் ஒரே சொல், எண்ணிக்கை மட்டும் வேறு

கோ என்பதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க, அதோடு ஓகாரக் குறி, ஆக இரண்டு. அல்லது க, ஏகாரக் குறி, கால், ஆக மூன்று. திரையில் ஒன்றேதான். பைத்தானில் யூனிகோட்டேட்டாவின் நார்மலைஸ் போட்டு "என்எஃப்சி" என்றால் எல்லாம் முதல் வடிவத்துக்கு வந்துவிடும். துணைக்குறி விட்டு எண்ணுகிறவர்களுக்கு இது பாதிக்காது, குறுஞ்செய்தி கணக்குப் பார்ப்பவர்களுக்குப் பாதிக்கும்.

நார்மலைஸ் தீர்க்காத ஒன்றும் உண்டு. கௌரி என்று எழுத வேண்டிய இடத்தில் ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் ளகரம் தட்டி "கெளரி" என்று எழுதுவது. நம்மில் பாதிப் பேர் அப்படித்தான் தட்டுகிறோம். முதலாவது இரண்டு எழுத்து, இரண்டாவது மூன்று எழுத்து, நிரல் சொல்வதுதான் சரி, தட்டியவர்தான் தப்பு.

இன்னொன்று, இணையத்திலிருந்தோ வாட்ஸ்அப்பிலிருந்தோ வெட்டி ஒட்டிய உரையில் அகலமே இல்லாத குறிகள், உடையாத இடைவெளி இவையெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். ஒரு கட்டுரையில் எண்ணிக்கை கொஞ்சம் இடிக்கிறது என்றால், 0 முதல் 127, தமிழுக்குரிய 2944 முதல் 3071, இந்த இரண்டு வரம்புக்கும் வெளியே உள்ளதையெல்லாம் அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள். மேற்கோள் குறிகளும் வரும், அவற்றைக் கண்ணால் தள்ளிவிட்டால் மிச்சம் இருப்பது விருந்தாளி.

திரையில் ஒரே கிறுக்கல், எண் மட்டும் நம்பும்படி இருக்கிறது

கிராணி ஐயா தோட்டத்து நினைவுகளைப் பல வருடமாக எழுதி வைத்திருக்கிறார், பாதி பழைய விரலியில் இருந்தது. திறந்தால் தொப்பி போட்ட ஆங்கில எழுத்துகளும் நாணயக் குறிகளுமாக இருந்தது, நிரலோ 1400 சொச்சம் என்றது, பக்கத்துக்குச் சற்று அதிகம், பரவாயில்லை என்று விட்டுவிடப் பார்த்தேன். யூனிகோட் வருவதற்கு முன் நம் ஊரில் தமிழ் தட்டியதெல்லாம் 8 பிட் எழுத்துருக்களில்தான். நம் நாட்டு முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசில் தட்டிப் பழகியவர்கள் இங்கே நிறைய. அந்தக் கோப்புகளில் ஒரு பைட் என்பது ஓர் எழுத்து இல்லை, எழுத்துருவில் உள்ள ஒரு வடிவம். கொ என்றால் கொம்பு, க, கால் என்று மூன்று பைட், டிஸ்கி குறியாக்கத்தில் கு, க் போன்றவை ஒற்றை பைட். ஆகவே வருகிற எண் எழுத்து எண்ணிக்கைக்குப் பக்கத்தில் நிற்கும், ஆனால் அதுவாக இருக்காது, துணைக்குறி கழிக்கும் வித்தையும் இங்கே செல்லாது.

முதலில் எந்தக் குறியாக்கம் என்று கண்டுபிடித்து (தட்டியவரிடம் அப்போது எந்த எழுத்துரு என்று கேட்பதுதான் விரைவான வழி), மாற்றி ஒன்றைப் பயன்படுத்தி யூனிகோடுக்குக் கொண்டுவாருங்கள், பிறகு எண்ணுங்கள். ஐயாவுடையது மாற்றிய பிறகு 1163 வந்தது. இன்னும் 37 எழுத்துக்கு இடம் இருக்கிறது ஐயா என்றேன். பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் நேரம்) தாமதமாக வந்து தண்டலிடம் (வேலையாள்களின் மேற்பார்வையாளர்) திட்டு வாங்கியதை ஒரு வரியில் சேர்த்துவிட்டு, மறுபடி எண்ணிப் பார்க்கச் சொன்னார்.